திருப்பி மாட்டாத பலகை

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். ஹட்டன் பஸாரில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து கண் பார்த்தவள் நான். சான்றிதழில் ஒப்டோமெட்ரிஸ்ட் என்று இருக்கும். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு நான் 'கண்ணாடி மிஸ்'.

மெஷின்களைப் பற்றி எழுதப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சந்தோஷமான கதைகளும் என்னிடம் உண்டு. மக்கு என்று வகுப்பில் பின்வரிசை வாங்கில் தள்ளி வைத்திருந்த பிள்ளை, கண்ணாடி போட்ட அன்று மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்று கத்திய கதை மாதிரி. அதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் தோற்ற கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

நாம் டாக்டர் இல்லை. ஆனால் தோட்டத்தில் ஒருவர் கண் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நம்மைத்தான் பார்க்கிறார். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ கிளினிக் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். நம்மிடம் வருவது பக்கம், பயமும் கம்மி. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வருவார்கள். வந்தவருக்கு ஒரு கண்ணாடி போதுமா, அல்லது உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிக்கிறவர் நாம்தான். கண்ணாடி விற்பது அதற்குப் பிறகுதான்.

வேலைக்கு வந்த புதிதில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவுக்குத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து இரட்டைக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் மலைப்படி இறங்கினார். குனிந்தால் கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகத்தானே பார்க்க வேண்டும்? படி மங்கலாகத் தெரிந்திருக்கிறது. மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதிலிருந்து யார் வந்தாலும் "என்ன வேலை செய்றீங்க?" என்று முதலில் கேட்பேன். அந்த ஒரு கேள்வியோடு நான் இந்தத் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்போடுதான் வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு இலவச முகாமுக்குப் போனேன்.

முகாமுக்குக் கொடுத்த இடம் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம். உள்சுவரில் ஒரு ஆணி இருந்தது. என் பலகையை அதில் மாட்டினேன். அந்தப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கானது. மூன்று கால் உள்ள ஒரே எழுத்து மேல் வரிசையில் பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும் இருக்கும். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொன்னால் போதும். நம் சனங்கள் வலம், இடம் என்று சொல்ல மாட்டார்கள். மேல, கீழ, சோத்தாங்கை, பீச்சாங்கை என்பார்கள்.

வெளிச்சம் வேண்டும் என்று கதவை விரியத் திறந்து வைத்தேன். வெளித் திண்ணையான இஸ்தோப்பில் நின்ற வரிசைக்குப் பலகையும் தெரிந்தது, உள்ளே நடக்கிற பேச்சும் கேட்டது. பெயர் எழுத எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மலையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவருக்கு எல்லாருடைய பெயரும், குடியிருக்கும் லயமும் தெரியும், கையெழுத்தும் அழகு. நானேதான் கூப்பிட்டேன். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. வேலைக்கு ஆள் குறைந்த நாளில்கூட எனக்காக வந்து உட்கார்ந்த நல்ல மனிதர்.

மத்தியானக் கொழுந்து நிறுப்பதற்குள் எல்லாரையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். அவசரம் என்று சொல்வதைவிடப் பெருமை என்று சொல்வதுதான் நியாயம். ஒரு நாளில் இத்தனை பேரைப் பார்ப்பாள் என்று என் வேகத்துக்கு ஹட்டனில் ஒரு பெயர் இருந்தது.

நாற்பது பேரைத் தாண்டிய பிறகு பாக்கியம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்துச் சாக்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நெற்றி வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலைக்கா?"

"கொழுந்துதான் மிஸ்."

"கண்ணுல என்ன கஷ்டம்?"

"ஊசியில நூல் கோக்க முடியல. அரிசியில கல்லு தெரிய மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்ல."

இடது கண்ணை மூடச் சொன்னேன். வலது கண்ணால் கடைசி வரிசை வரைக்கும் சொன்னார். வலது கண்ணை மூடச் சொன்னேன். நான் குச்சியை அடுத்த எழுத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு போனார்.

"அக்கா, நான் காட்ட முந்தியே சொல்றீங்களே! என்ன அவசரம், மலைக்கு ஓடணுமா?" என்றேன்.

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். டோர்ச்சை இரண்டு கண்ணிலும் ஒரு தரம் அடித்துப் பார்த்தேன். பூ விழவில்லை. கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி போதும் என்று கங்காணியிடம் நம்பர் சொன்னேன்.

"வெரிகுட். கண்ணு நல்லா இருக்குக்கா. இன்னும் இருபது வருஷம் கொழுந்து எடுக்கலாம்."

பாக்கியம் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். போகும்போது இடது தோளைக் கதவுநிலையில் இடித்துக்கொண்டார். "பாத்துக்கா" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பதினோரு மணிக்குப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எனக்குப் பால் விடாத பிளேன்டி கொண்டுவந்தார். கோப்பையைக் கையில் கொடுத்தவர் உடனே போகவில்லை.

"மிஸ், அந்தப் பலகைய கொஞ்சம் திருப்பி மாட்டுங்க."

"ஏங்க்கா?"

"எல்லாரும் வெளிய நின்னு பாடமாக்கிட்டு வர்றாங்க. இந்தா, எங்க புள்ளைங்களே பாடுதுங்க பாருங்க."

உண்மைதான். மூன்று வயதுக் குழந்தைகள் இரண்டு, பாயில் உட்கார்ந்து "மேல, சோத்தாங்கை, கீழ, கீழ, பீச்சாங்கை" என்று கை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இது என்ன அஞ்சாம் ஆண்டுப் பரீட்சையாக்கா, பாத்து எழுதுறதுக்கு? கண்ணு தெரியலன்னாதானே கண்ணாடி குடுப்பேன். தெரியுதுன்னு பொய் சொல்லி அவங்களுக்கு என்ன கெடைக்கப் போகுது?" என்றேன். அந்த அக்கா ஒரு தரம் கங்காணியைப் பார்த்தார். பிறகு காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆணியிலிருந்து பலகையைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டி, பார்த்து அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நான் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அந்தக் கதையைக் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். பேரப்பிள்ளை கண்ட பொம்பளைகள் பலகையைப் பாடமாக்கிக்கொண்டு வந்து பாஸ் பண்ணப் பார்த்தார்கள் என்று கைகாட்டி நடித்துச் சொல்வேன். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அது என் கையிருப்புப் பகிடியாக இருந்தது.

அந்த இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் பாக்கியம் கடைக்கு வந்தார். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் கொடுத்த கண்ணாடியைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தாள் மகள்.

"மிஸ், அம்மாவுக்கு இதுல பவர் பத்தல போல. நெறையில ஓரத்துக் கொழுந்தெல்லாம் விட்டுட்டுப் போறாங்கன்னு கங்காணி ஏசுறாரு. கான் தெரியாம ரெண்டு தடவ விழுந்துட்டாங்க. வேற கண்ணாடி போட்டுக் குடுங்க."

நிறை என்பது ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசை. அதில் நடுவில் இருக்கிற கொழுந்து தெரிகிறது, ஓரத்தில் இருப்பது தெரியவில்லை. ஓரம் மட்டும் போகிறது என்றால் அது கண்ணாடி போட்டுச் சரியாகிற காரியம் இல்லை.

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து வலது கண்ணை மூடினேன். கடையில் எழுத்துக்கள் மெஷின் வழியாகச் சுவரில் விழும். முகாம் பலகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் எழுத்தின் கால் கீழே பார்த்திருந்தது.

"சொல்லுங்கக்கா."

"மேல," என்றார் பாக்கியம். "சோத்தாங்கை. கீழ. கீழ. பீச்சாங்கை."

நான் நூறு தரம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்த அதே வரிசை. கையில் இருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அக்கா, அந்தப் பலகை இங்க இல்லைக்கா," என்றேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "இங்கேருந்தும் தோட்டத்துக்குப் பேப்பர் போகுமா மிஸ்?"

"போகாது. சத்தியமாப் போகாது. எப்பயிலேருந்து இந்தக் கண்ணு தெரியல?"

"நீங்க வந்தீங்களே, அதுக்கு முந்தின தீவாளிக்கே மங்கிருச்சு. அப்புறம் சுத்தமா போயிருச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா!"

"எப்பிடி மிஸ் சொல்றது? கங்காணி பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாரு. கண்ணு பழுதானவங்க பேர எழுதி ஆபீசுக்குக் குடுக்கப் போறாங்க, பேர வெட்டிருவாங்கன்னு லயமெல்லாம் பேச்சு. மேட்டு லயத்து ஒரு அக்காவ, கண்ணு தெரியலன்னு அப்பிடித்தான் நிப்பாட்டுனாங்க. இவ அப்ப ஏ.எல். படிக்கத் தொடங்கி மூணு மாசம்."

மகள் "அம்மா!" என்றாள்.

டோர்ச்சை எடுத்து, அன்றைக்குப் பார்க்காத மாதிரி பார்த்தேன். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்க வேண்டும். வலது கண்ணில் அடித்தபோது இரண்டு கண்மணியும் சுருங்கின. டோர்ச்சை இடது கண்ணுக்கு மாற்றியதும், சுருங்கியிருந்த கண்மணிகள் அப்படியே விரிந்தன; அந்தக் கண்ணின் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். வலது கண்ணின் ஓரங்களில் விரலைக் காட்டிக்கொண்டு வந்தேன். மூக்குக்கு நேரே வரும் வரைக்கும் அவருக்கு என் விரல் தெரியவில்லை.

குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரிக்கும் நோய். வலிக்காது, சிவக்காது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அதுவும் நேரத்தோடு பிடித்தால். அன்றைக்கே கடிதம் எழுதி, மறுநாள் கிளினிக்கில் காட்ட ஏற்பாடு செய்தேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள், பிறகு ஆபரேஷனும் செய்தார்கள். டாக்டர் என்னிடம் போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா வலது கண்ண அப்படியே வச்சிருக்கலாம்." ரெண்டு வருஷம் முந்தி அவர் எங்கே வந்தார் என்று டாக்டருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அதுவும் என் கணக்கில் சேர்ந்த ஒரு கோழைத்தனம். ஆபரேஷன் செய்தும் மிச்சம் நிற்கவில்லை. இப்போது பாக்கியத்துக்குப் பகல் எது, இரவு எது என்பது மட்டும்தான் தெரியும்.

நீங்கள் கேட்கலாம், நோயாளி பொய் சொன்னால் நாம் என்ன செய்வது என்று. நானும் சில மாதம் அப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஏனென்றால் நான் வெளியூர்க்காரி இல்லை. கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது, அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு இருமலை முழுங்கி நிற்பார். நெஞ்சு வருத்தம் என்று தெரிந்தால் பெயர் போய்விடும் என்ற பயம். பார்த்து வளர்ந்தவள் நான். எழுதுகிற ஆள் பக்கத்தில் இருந்தால் நம் சனம் வருத்தத்தைச் சொல்லாது என்பதை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அது எனக்கு மறந்துபோயிற்று. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

அந்தப் பெயர்ப் பட்டியல் ஆபீசுக்குப் போகவே இல்லை என்பது இன்னொரு வேதனை. யாருக்கு எந்தக் கண்ணாடி என்று பெயர் ஒட்டி அனுப்புவதற்காக அது என் கடைக்குத்தான் வந்தது. "இந்தப் பேப்பர் என்கிட்டதான் இருக்கும், தோட்டத்துக்குப் போகாது" என்று இஸ்தோப்பில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே நீங்கள் முகாமுக்குப் போனால், பெயர் எழுத உங்கள் ஆளையே கூட்டிப் போங்கள். தோட்டத்து ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வெளியே இருக்கட்டும். எழுதுவது எங்கே போகும் என்று வரிசைக்கு உரக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் பலகையைத் திருப்புங்கள். ஒருவர் நீங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சொன்னால் பாராட்டாமல் திரும்பவும் பாருங்கள். கதவில் இடித்துக்கொண்டு போகிறவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அப்புறம், பிளேன்டி கொண்டுவந்து தருகிறவர் ஏதாவது சொன்னால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வாரம் நான் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்பும் இரண்டொரு தரம் போயிருக்கிறேன், மருந்து கொடுக்கிற சாக்கில். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிடுவேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று போனேன். லயத்து இஸ்தோப்பில் வெயில் விழுகிற மூலையில் உட்கார்ந்திருந்தார். மகள் டவுனில் ஒரு கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே "வாங்க மிஸ்" என்றார்.

"அக்கா, அன்னைக்குப் பிள்ளைக்காம்பரா அக்கா என்கிட்ட சொன்னாங்க, நீங்க எல்லாரும் பாடமாக்கிட்டு வர்றீங்கன்னு. நான் கேக்கல. சிரிச்சேன். அதக் கதையா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். உங்க கண்ணு போனதுல எனக்குப் பங்கு இருக்கு."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னது நான்தானே மிஸ்," என்றார். "ஆனா ஒண்ணு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் வாயால பொய் சொன்னாலும், நீங்க லைட் அடிச்சுக் கண்ணுக்குள்ள பாத்தீங்களே. கண்ணு பொய் சொல்லாதேன்னு நெனச்சேன். மிஸ்ஸே நல்லா இருக்கு, இன்னும் இருபது வருஷத்துக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க, இது சும்மா பலவீனம், தானா சரியாப் போயிரும்னு நெனச்சேன். அதான் ஆஸ்பத்திரிக்கும் போகல."

அவர் என்னை ஏமாற்றியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரு பகிடி வார்த்தையை இரண்டு வருடம் மருந்து மாதிரி நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"விடுங்க மிஸ்," என்றார். பிறகு என்னைச் சிரிக்க வைக்க நினைத்தாரோ என்னவோ, "எனக்கு அது இன்னும் பாடம், தெரியுமா?" என்று கையை உயர்த்தினார். "மேல. சோத்தாங்கை. கீழ. கீழ. பீச்சாங்கை." அடுத்த வரிசைக்குப் போனார். அதற்கடுத்த வரிசைக்கும் போனார். எழுத்து சிறுக்கச் சிறுக்க அவர் குரலும் சிறுத்துக்கொண்டு போனது. கடைசி எழுத்தைச் சொல்லி முடித்துவிட்டு, நான் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

"சரியா மிஸ்?"

ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சரிக்கா," என்றேன். முகாமன்றைக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.